தூத்துக்குடியில் கப்பலேறியவர்களின் பேரர்கள் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ ஆனது எப்படி?

2025 மே 19 அன்று, தண்டனைக் காலத்தை முடித்துவிட்ட இலங்கைத் தமிழர் ஒருவர் தம்மை நாடு கடத்தக் கூடாது என்று தொடுத்த வழக்கை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளுக்கெல்லாம் இடமளிக்க இந்தியா ஒரு தர்மசாலை அன்று என்னும் பொருளில் கருத்துரைத்தது. நான்கு மாதங்களுக்குள், செப்டம்பர் 1 அன்று, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்தது. அதனுடன் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவித்தது. முன்னதைக் கேட்டுக் கொதித்தவர்கள் பின்னதைக் கேட்டு மகிழ்ந்தார்கள். இரண்டுக்கும் நடுவே கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ‘இலங்கைத் தமிழர்’ எல்லோரும் வேற்று நாட்டிலிருந்து இங்கு வந்தவர்கள்தாமா? அல்லது அவர்களில் ஒரு பகுதியினர், இங்கிருந்து ஏற்றி அனுப்பப்பட்டுப் பின்னர் திரும்பி வந்தவர்களா?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் தில்லியன்று, தூத்துக்குடி.

கடலுக்கு இருபுறமும் தஞ்சம்

முத்துக்குளித்துறை என்று அழைக்கப்பட்ட இந்தக் கரைக்குத் தஞ்சம் என்பது புதிய சொல்லன்று. 1530களில், முத்து வருவாயை முன்னிட்ட மோதல்களால் நெருக்குண்ட பரதவர் கொச்சியிலிருந்த போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடினர். மதமாற்றம் அந்தப் பாதுகாப்பின் விலையாகவும் முத்திரையாகவும் அமைந்தது. 1544இல் வடுகர் படை குமரிமுனைப் பகுதியைத் தாக்கியபோது, ஊரைவிட்டு ஓடிய மக்கள் கடலிலுள்ள பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்ததை, அக்கரையில் அப்போது பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்கள் பதிவு செய்துள்ளன. அவர் மணப்பாட்டிலிருந்து தோணிகளைத் திரட்டிக்கொண்டு உதவிக்குப் புறப்பட்டார். 1560இல் மன்னாரில் போர்ச்சுகீசியர் கோட்டை அமைத்தபோது, புன்னைக்காயல் பரதவரில் பலர் அங்கே குடியேற்றப்பட்டனர். அதாவது, இந்தியக் கரையின் ஏதிலியருக்கு இலங்கைக் கரை புகலிடமாயிற்று. இன்று மன்னாரிலிருந்து இராமேசுவரம் வரும் படகுகளைப் பார்த்து ‘ஊடுருவல்’ என்று எழுதுகிறவர்கள் இந்தப் பழைய கணக்கையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆயினும் நாம் பேச வேண்டியது பரதவரைப் பற்றியன்று. கடலோடு எந்தத் தொடர்பும் இல்லாத, உள்நாட்டுச் சேரிகளிலிருந்து நடந்து வந்து இந்தத் துறையில் கப்பலேறிய மக்களைப் பற்றி.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைகளில் முதலில் காப்பியும், அது நோயால் அழிந்தபின் தேயிலையும் பயிரிடப்பட்டபோது, அதற்கான உழைப்பு தமிழ்நாட்டிலிருந்து சென்றது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து சென்றவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியர். பஞ்சம் அவர்களைத் துரத்தியது என்று பாடநூல்கள் எழுதுகின்றன. பஞ்சம் எல்லோருக்கும்தான் வந்தது. நிலமற்றவனைத்தான் அது கப்பல்வரை துரத்தியது; அவன் நிலமற்றவனாய் இருந்ததற்குக் காரணம் மழையன்று. ஆள் சேர்த்த கங்காணிகளில் பலர் இடைநிலை, உயர்சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் இருந்த உறவு, கடல் கடந்து கங்காணிக்கும் கூலிக்குமான உறவாக உருமாறியது. மலையில் லய அறைகள் ஒதுக்கப்பட்டதிலும் சாதி பார்க்கப்பட்டது.

தொடக்கத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியாகக் காட்டினூடே மலைநாட்டுக்கு நடந்தார்கள். காலராவும் மலேரியாவும் அந்தப் பாதையைப் புதைகாடாக்கின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் அச்சம் பரவியதும் போக்குவரத்து தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் வழிக்குத் திருப்பப்பட்டது. தூத்துக்குடி இருப்புப்பாதையை ஒட்டிய தட்டப்பாறையில் ஒதுக்கல் முகாம் அமைந்தது. நாள்கணக்கில் அடைத்துவைத்து, நோயில்லை என்று உறுதி செய்த பிறகே தொழிலாளர்களைக் கப்பலேற்றினார்கள். தூத்துக்குடிக்கும் இந்த மக்களுக்குமான முதல் உறவே ஒரு முகாமின் வழியாக அமைந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அக்காலத்தில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு ஒன்று ‘தகர டிக்கெட்’ என அறியப்பட்டது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகரத் துண்டு தொழிலாளியிடம் கொடுக்கப்படும். அதைக் காட்டினால் வழியில் கட்டணம் கேட்க மாட்டார்கள். செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் ஏறி, பின்னர் அவரது கடனாகும். கூலியின் பெயரோ ஊரோ அதில் தேவைப்படவில்லை. நூறாண்டுகளுக்குப் பின், “உன் பாட்டன் எந்த ஊரில் பிறந்தான் என்பதற்குச் சான்று கொண்டு வா” என்று அதே தொழிலாளியின் பேரனிடம் இந்திய அதிகாரி கேட்கும்போது இந்தத் தகரத் துண்டை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான். அந்த வழியின் பெருமையைத் தமிழ்ச் சமூகம் நூறாண்டுகளாகப் பாடிவருகிறது, பாட வேண்டியதுதான். ஆனால் அதே கடல்வழியில் ஆங்கிலேயர் நிறுவனத்தின் கப்பல்களில் கூலிகளாக அடைத்துச் செல்லப்பட்டவர்கள் யார் என்று அந்தப் பெருமைக்குள் ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் இருப்புப்பாதை இணைப்பு திறக்கப்பட்டு மண்டபத்தில் முகாம் வந்த பிறகு, தொழிலாளர் போக்குவரத்து பெருமளவுக்கு அங்கே மாறியது. அன்று கூலிகளைச் சோதித்து அனுப்பிய மண்டபமே இன்று ஏதிலியரைப் பெற்றுக்கொள்ளும் மண்டபம்.

வாக்குச்சீட்டைப் பறித்த சட்டம், தலையை எண்ணிய ஒப்பந்தம்

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றன. ஆளுங்கட்சிக்கு இது போதுமானதாயிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்கான சான்றுகளைக் கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் அவை எப்படி இருக்கும்? தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரே வீச்சில் நாடற்றோர் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. வடக்குத் தமிழரின் முதன்மைத் தலைவராயிருந்த ஜி.ஜி.பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சராய் இருந்தார். அதை ஏற்காமல் பிரிந்த செ.வ.செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தமிழர் ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மலையகத்து முதியவர்கள் சிரிப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

இம்மக்கள் இலங்கையின் குடிகளே, இந்தியாவின் பொறுப்பல்லர் என்பது நேருவின் நிலைப்பாடு. அது நியாயமான நிலைப்பாடு. அவர் மறைந்த சில மாதங்களிலேயே அது கைவிடப்பட்டது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரை எண்ணிக்கையாக மட்டும் கண்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசப்படும். 1974இல் அந்த எஞ்சியோரையும் பாதிக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளரின் சங்கங்களை யாரும் கலந்து பேசவில்லை. இரு அரசுகள் சேர்ந்து ஒரு தலித் பெரும்பான்மை மக்கள்திரளைப் பங்கு போட்டதற்கு நவீன தெற்காசியாவில் இதற்கு இணையான எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

அவ்வாறு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டார்கள். வாரிசுகளுடன் சேர்த்து 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். கூடலூர், கோத்தகிரி மலைகளில் அரசுத் தேயிலைத் தோட்டம், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளில் ரப்பர்த் தோட்டம், ரெப்கோ வங்கியின் கடன் என்று மறுவாழ்வுத் திட்டங்கள் இருந்தன. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போனவர்கள் கொத்தடிமைகளாகவும் சிக்கினார்கள். இவர்களுடைய கதை தனியாக எழுதப்பட வேண்டியது. இங்கே ஒன்றை மட்டும் சொல்வோம்: எவ்வளவு குறைகள் இருந்தாலும் இவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. குடிமக்களாக இறங்கினார்கள்.

அவர்களுடைய உடன்பிறப்புகளுக்கு அது வாய்க்கவில்லை.

ஒரே குடும்பம், இரண்டு சட்டங்கள்

1977 வன்முறையில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல, தமிழர் நடுவே பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பி வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறின. ஆறு ஆண்டுகளில் 1983 ஜூலை வந்தது. போர் முதலில் மென்றது எல்லையோரத்தில் குடியேறியிருந்த இந்த மலையக மக்களைத்தான். 1984 வாக்கில் இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிற்று. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள், குடியுரிமை கிடைத்தும் கப்பல் கிடைக்காதவர்கள், இரு நாட்டிலும் எந்தத் தாளும் இல்லாதவர்கள் ஆகியோரில் பலர் படகேறி இந்தியக் கரையில் இறங்கினார்கள். கப்பல் ஓடிக்கொண்டிருந்தபோது வந்த அண்ணன் ‘தாயகம் திரும்பியவர்’. கப்பல் நின்றபின் படகில் வந்த தம்பி ‘அகதி’. இருவரும் ஒரே தாய் வயிற்றில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள்.

இப்பிரிவினை பின்னாளில் சட்டத்தில் இறுகிப்போனது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கு 2003இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையைப் புகுத்தியது. செல்லுபடியாகும் கடவுச்சீட்டு அல்லது பயண ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்த எந்த வெளிநாட்டவரும் சட்டவிரோதக் குடியேறி. அத்தகையவர் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை கோர முடியாது. முப்பதாண்டு இங்கே வாழ்ந்திருந்தாலும் முடியாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஆகவே உயிருக்கு அஞ்சிப் படகேறியவரையும் வேறு காரணத்துக்காக எல்லை தாண்டியவரையும் வேறுபடுத்திப் பார்க்கச் சட்டத்துக்குக் கண் இல்லை. அரசியலமைப்பின் 21ஆம் கூறு குடிமக்களுக்கு மட்டுமன்றி எல்லா மனிதருக்கும் உயிர்ப் பாதுகாப்பு அளிக்கிறது என்பதே எஞ்சிய பற்றுக்கோடு. சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தக் கதவைச் சிலருக்கு மட்டும் திறந்தது. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவ மக்கள் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்படமாட்டார்கள். முஸ்லிம்கள் விலக்கப்பட்டதைப் பற்றி நாடு முழுவதும் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதே. இலங்கை விடுபட்டது தமிழ்நாட்டுக்கு வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை. முகாம்களில் உள்ளோரில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறித்தவர்களுமே. மதமே அளவுகோல் என்றால் இவர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்பதற்கு, அண்டை நாட்டில் அரசு மதம் இசுலாமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு விளக்கம் தரப்படவில்லை. இலங்கை அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது என்பது அந்த விளக்கத்தில் இடம்பெறவில்லை.

இனி 2025 விலக்கு ஆணைக்கு வருவோம். அது என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதை முகாம் மக்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஆவணமின்றி வந்ததற்காகவும் தங்கியதற்காகவும் தண்டிக்கப்படுவோம் என்ற அச்சத்தை அது நீக்குகிறது. இது சிறிய செய்தியன்று. தலைக்குமேல் தொங்கிய கத்தி ஒன்று இறங்கியிருக்கிறது. ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் உள்ள ‘சட்டவிரோதக் குடியேறி’ வரையறையை அது தொடவில்லை. 2019 திருத்தத்தின் பலனைப் பெற, விலக்கு மட்டும் போதாது. அந்த மூன்று நாடுகளில் ஒன்றிலிருந்து வந்திருக்கவும் வேண்டும். தண்டனை போயிற்று, பெயர் நிற்கிறது. மேலும் 2015 ஜனவரி 9 என்பது இலங்கையில் மைத்திரிபால சிறிசேன குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற நாள். அன்றோடு இலங்கைத் தமிழருக்கு அச்சம் தீர்ந்துவிட்டது என்ற கற்பனையே இந்தத் தேதியில் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. பொருளாதாரச் சரிவின்போது 2022 மார்ச் 22 அன்று இரு படகுகளில் வந்திறங்கிய 16 பேருக்கும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களுக்கும் இந்த ஆணையில் இடமில்லை.

இழந்த இன்னொரு தாள்

இதுவரை சொன்னவற்றில் பலவற்றைப் பிற ஊடகங்களிலும் வாசகர்கள் படித்திருக்கக்கூடும். அவை எழுதாத ஒன்று உண்டு. குடியுரிமை இல்லாத தலித்துக்குச் சட்டத்தின் கண்ணில் சாதியும் இல்லை.

அரசியலமைப்பின் 341ஆம் கூற்றின்கீழ் குடியரசுத் தலைவர் ஆணையில் பட்டியலிடப்பட்ட சாதிகள், ஒவ்வொரு மாநிலத்தின் தொடர்பில் வரையறுக்கப்படுகின்றன. வெளிநாட்டவர் என்று பதிவு செய்யப்பட்டவருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை. ஆகவே முகாமில் பிறந்த பள்ளர், பறையர், அருந்ததியர் குழந்தைகளுக்குப் பட்டியலின மாணவருக்கான கல்வி உதவித்தொகையோ இடஒதுக்கீடோ இல்லை. அரசு வேலை குடிமக்களுக்கே. முகாமுக்கு வெளியே ஆதிக்கச் சாதியினர் ஒருவர் அவர்களைச் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிய, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற முதல் நிபந்தனையிலேயே வழக்கு நின்றுபோகும். இழிவுபடுத்துகிறவருக்கு அவர்களுடைய சாதி நன்றாகத் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

தாயகம் திரும்பியோர்கூட இந்தச் சான்றிதழுக்காக நெடுங்காலம் அலைய நேர்ந்தது. கர்நாடகத்து ரப்பர்த் தோட்டங்களில் அது நீண்ட போராட்டமாகவே நடந்தது. குடிமக்களுக்கே அந்நிலை என்றால் முகாம் மக்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு அரசியல் மேடையில் முகாம் மக்கள் அனைவரும் ‘ஈழத் தமிழர்’ என்ற ஒரே பெயரில் அடங்கிவிடுகிறார்கள். அந்தப் பெயரின்மீது நமக்குப் பகை இல்லை. போரால் பெயர்க்கப்பட்ட யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மன்னாரும் அடைந்த துயரம் குறைவானதன்று. அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் உண்டு. ஆனால் ஒரே பெயர் சூட்டும்போது இரு வேறு உரிமைக் கோரிக்கைகள் ஒன்றாகக் குழைக்கப்பட்டு, வலுவானது மங்கிப்போகிறது. இலங்கையின் பூர்வீகத் தமிழர் இந்தியாவிடம் கேட்பது புகலிடம், விரும்பினால் குடியுரிமை. அவர்களில் பலருக்கு ஊரும் காணியும் அங்கே உள்ளன. பாதுகாப்பாகத் திரும்பும் உரிமையே அவர்களின் முதன்மைக் கோரிக்கை. மலையக வம்சாவளியினர் கேட்பது கொடையன்று. 1964இல் இந்தியா கையொப்பமிட்டு ஏற்ற பொறுப்பின் நிலுவை அது. திரும்பிச் செல்ல அவர்களுக்கு அங்கே காணி இல்லை, பெரும்பாலும் உறவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ‘தோட்டக்காட்டார்’ என்றும், தென்னிலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்றும் ஏசப்பட்டவர்கள் நீலகிரியில் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்பது கள்ளத்தோணியின் சட்டபூர்வ மொழிபெயர்ப்பு என்றே நாம் கருதுகிறோம்.

இலங்கைகூட ஓரளவு திருந்தியது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் எளிய அறிவிப்பின் மூலம் குடியுரிமை அளித்தது. போரால் இந்தியா சென்றுவிட்டவர்களையும் உள்ளடக்க 2009இல் அது திருத்தப்பட்டது. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த சுமார் 28,500 மலையகத்தார் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. வங்கதேசத்தில் முகாம்களில் வாழ்ந்த உருது மொழி பேசுவோரை 2008இல் டாக்கா உயர் நீதிமன்றம் குடிமக்களென ஏற்று வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. அண்டை நாடுகள் செய்துவிட்டதைத்தான் இந்தியா செய்யாமல் வைத்திருக்கிறது.

முகாமின் அன்றாடம்

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அளித்த கணக்கின்படி, 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு 34,087 பேரும் வாழ்ந்தனர். தூத்துக்குடி மாவட்டத்தில் தாப்பாத்தி, குளத்துள்வாய்பட்டி, மாப்பிள்ளையூரணி ஆகிய இடங்களில் முகாம்கள் உள்ளன. 317.40 கோடி ரூபாய்க்கான திட்டம், புதிய வீடுகள், குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்ட மாத உதவித்தொகை, ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது ஆகியவை அந்த ஆண்டின் அறிவிப்புகள். இவை உண்மையான மேம்பாடுகள். தகரக் கொட்டகையில் முப்பதாண்டு வாழ்ந்தவர்களுக்குச் செங்கல் சுவரின் மதிப்பு தெரியும். ஆனால் அந்த வீட்டுக்கு அவர் பெயரில் பட்டா கிடையாது. வருவாய்த் துறையினரின் ஆள் கணக்கெடுப்பின்போது நேரில் நிற்க வேண்டும். க்யூ பிரிவுக் காவல்துறையின் பார்வை நீங்குவதில்லை. குற்றம் சாட்டப்பட்டால், பிணை கிடைத்த பிறகும் திருச்சி மத்தியச் சிறை வளாகத்தின் ‘சிறப்பு முகாமில்’ அடைக்கப்படலாம். பட்டம் படித்த இளைஞர்கள் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். முகாமுக்கு முகாம் இதே தொழில்தான். சாரத்திலிருந்து விழுந்து மாண்டவர்களின் குடும்பங்கள் ஏறக்குறைய எல்லா முகாம்களிலும் உண்டு.

திரும்பிப் போக விரும்பியவர்களுக்கும் தூத்துக்குடி சிறிது காலம் வழியாயிருந்தது. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியுடன் 37 பேர் அதில் தாயகம் சென்றார்கள். விமானத்தில் ஏற்ற முடியாத தட்டுமுட்டுச் சாமான்களையும் அவர்கள் கொண்டுசெல்ல முடிந்தது. ஏதிலி வாழ்வில் சேர்த்த ஒரு தையல் எந்திரமும் ஒரு மிதிவண்டியும் எவ்வளவு பெரியவை என்பது மூட்டையோடு வந்தவர்களுக்கே விளங்கும். நவம்பரில் கப்பல் நின்றது. போதிய பயணிகள் இல்லை, வணிகத்துக்குக் கட்டுபடியாகவில்லை என்றார்கள். கூலிகளை ஏற்றிச் செல்ல அரை நூற்றாண்டு கட்டுபடியான கடல்வழி அது.

நீதிமன்றம் திறந்த சிறு வழிகள்

2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர் தொடுத்த வழக்கில், அவர்கள் இந்த மண்ணிலிருந்து சென்ற தொழிலாளரின் சந்ததியினர் என்பதைக் கருத்தில் கொண்டு அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. சட்டத்தின் இறுக்கத்தைத் தளர்த்தும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி. 2022 ஆகஸ்டில் அதே கிளை இன்னொரு வழியைச் சுட்டியது. 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையே இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். மண்டபம் முகாமில் அக்காலத்தில் பிறந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது தவறு என்று நீதிமன்றம் கூறியது. 1983க்கும் 1987 நடுப்பகுதிக்கும் இடையே முகாமில் பிறந்த ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். இவ்விடைவெளியில் பிறந்தவர்கள் தம் பிறப்புச் சான்றையும் முகாம் பதிவையும் இன்றே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

மற்றவர்களுக்கு? பிற மாநிலங்களில் மூன்று நாட்டுச் சிறுபான்மையினரின் விண்ணப்பங்களை முடிவு செய்யும் அதிகாரத்தை ஒன்றிய அரசு குறிப்பிட்ட மாவட்ட ஆட்சியர்களுக்கு அளித்துள்ளது. 2021 மே மாதத்தில் 13 மாவட்டங்களுக்கு அவ்வாறு அளித்தது. இராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்சி ஆட்சியர்களுக்கு அதே அதிகாரத்தை இந்திய வம்சாவளியினர் பொருட்டு அளிக்கத் தடை என்ன? மாநில அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். முகாம்தோறும் யார் யார் மலையக வம்சாவளியினர் என்ற பதிவேடு வெளியிடப்பட வேண்டும். சான்று இல்லை என்று அதிகாரிகள் கைவிரிக்கலாம். இலங்கை அரசின் பிறப்புப் பதிவில் இனம் என்ற கட்டம் உண்டு. மலையகக் குழந்தைகளுக்கு அங்கே ‘இந்தியத் தமிழர்’ என்றே எழுதப்பட்டது. இலங்கை அரசு அவர்களை வெளியே தள்ள எழுதிய சொல்லே இந்தியாவில் அவர்களுக்குச் சான்றாக நிற்க முடியும். வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினரின் பதிவு பற்றிய அரசியலமைப்பின் 8ஆம் கூறு, பெற்றோரோடு பாட்டன் பாட்டியின் பிறப்பிடத்தையும் கணக்கில் கொள்கிறது. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவின் கையிலிருந்து வந்த பிரிவுகளில் இதுவும் ஒன்று. பிற்காலத் திருத்தங்கள் எழுதப்பட்ட குறுகிய மனத்துக்கு அதில் இடமில்லை.

இந்தக் கோரிக்கையில் காலதாமதத்துக்கு ஒரு விலை உண்டு. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இந்தியாவில் பிறக்கும் குழந்தை குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவர் குடிமகனாய் இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. தாப்பாத்தி முகாமின் இளைஞர் ஒருவர் அருகிலுள்ள சேரியின் பெண்ணொருத்தியை மணப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அவ்விருவரின் முன்னோரும் ஒரே தெருவில் வாழ்ந்திருக்கலாம். ஒருவர் தட்டப்பாறையில் கப்பலுக்குக் காத்திருந்தார், மற்றவர் ஊரில் பண்ணையாளாய் எஞ்சினார். மனைவி இந்தியக் குடிமகள், பட்டியல் சாதிச் சான்றிதழ் உடையவர், தேர்தல்தோறும் வாக்களிப்பவர். அவர்களுக்கு நாளை தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தை, இன்றுள்ள சட்டப்படி, பிறப்பால் இந்தியக் குடிமகன் அன்று.